அத்தியாயம் 6: அளந்து பேசுங்கள்
உடல் பருமனைக் கண்டறியவும் கையாளவும் சமுதாயச் செவிலியருக்கு ஒரு வழிகாட்டி

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனை அருகே இறங்கி உள்தெருக்களில் பத்து வீடு ஏறி இறங்கும் செவிலியரின் காதில் ‘உடல் பருமன்’ என்ற சொல் விழாது. ‘குழந்தை பெத்த உடம்பு’, ‘தைராய்டு உடம்பு’, ‘தண்ணி உடம்பு’, ‘பூசினாப்பல இருக்கேன், அவ்வளவுதான்’ என்பவைதான் விழும். எடை கூடினால் யாரும் கவலைப்படுவதில்லை. இளைத்தால்தான் பக்கத்து வீட்டுக்காரர் விசாரிப்பார்: “என்ன, சுகர் கிகர் வந்துடுச்சா?”

2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேரின் எடை அதிகம். ஆண்களில் 37 சதவீதம். முந்தைய கணக்கெடுப்பில் பெண்களின் அளவு 30.9 சதவீதமாக இருந்தது. ஆகவே இன்று நீங்கள் போகும் ஐந்து வீடுகளில் இரண்டிலாவது இந்த அத்தியாயத்துக்கு வேலை இருக்கும்.

கிராம சுகாதாரச் செவிலியர், தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியர், இடைநிலை சுகாதாரப் பணியாளர், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ குழுவினர் என எந்தப் பெயரில் வீடு தேடிப் போனாலும் வரிசை ஒன்றுதான்: கேளுங்கள், அளவெடுங்கள், கணக்கிடுங்கள், ஆபத்தைப் பாருங்கள், ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள், திரும்பப் போங்கள்.

## முதலில் உங்களுக்கு ஒரு தேர்வு

விடையை மறைத்துக்கொண்டு படியுங்கள்.

1. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு எந்த பி.எம்.ஐ.யில் உடல் பருமன் தொடங்குகிறது? 25. அதிக எடை 23-லேயே தொடங்கிவிடும்.
2. இடுப்புச் சுற்றளவின் எல்லை என்ன? பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ.
3. டேப்பை எங்கே வைப்பது? கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அல்ல.
4. எவ்வளவு எடை குறைந்தால் உடல்நலத்தில் பயன் தெரியும்? இப்போதுள்ள எடையில் 5 சதவீதமே போதும்.
5. கர்ப்பிணிக்கு எடை குறைக்க ஆலோசனை சொல்லலாமா? கூடாது.

முதல் கேள்வியில் தவறியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். உலக அளவில் புழங்கும் அட்டவணைகளில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்றே இருக்கும். இந்தியர்களுக்கு அதே பி.எம்.ஐ.யில் வயிற்றுக் கொழுப்பு கூடுதலாக இருப்பதால், 2009-இல் நம் நாட்டு வல்லுநர்கள் கூடி 23, 25 என்று எல்லையை இறக்கினார்கள். மேலே சொன்ன 40.4 சதவீதமும் 25-ஐ எல்லையாக வைத்து எண்ணியதுதான். 23-ஐ வைத்து எண்ணினால் இன்னும் கூடும்.

## பையில் இருக்க வேண்டியவை

- டிஜிட்டல் எடை மெஷின், மாற்று பேட்டரி
- நீளாத டேப், சுவரில் உயரம் குறிக்கப் பென்சில், கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று
- பிபி கருவி, அதற்குச் சாதாரணப் பட்டை ஒன்று, பெரிய பட்டை ஒன்று
- குளுக்கோமீட்டர், பட்டைகள், ஊசிக் கழிவுக்கான டப்பா
- 2 மீட்டர் நூல் (எதற்கு என்பது பின்னால் வரும்)
- சர்க்கரைப் பொட்டலம் ஒன்று

குறிப்பு 1: மெஷினைச் சோதியுங்கள். மாதம் ஒரு முறை, பிரிக்காத அரிசி மூட்டையைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். அது இல்லாமல் மறுபடி ஏறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மூட்டையின் எடையாக இருக்க வேண்டும். மூட்டையில் அச்சிட்டதைப் படித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 2022-இல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்த பிறகு 26 கிலோ மூட்டைகளும் கடைக்கு வந்துவிட்டன.

குறிப்பு 2: டேப்பைச் சோதியுங்கள். தையல் டேப் நாளடைவில் நீளும். இரும்பு அளவுகோலோடு வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் செ.மீ. இருக்கும், எந்தப் பக்கம் படிக்கிறோம் என்பதைக் கவனியுங்கள். 80 செ.மீ. என்பது 31.5 அங்குலம்.

## படி 1: அனுமதி கேளுங்கள்

எடையைப் பற்றிய பேச்சைக் கேட்டவுடனே பாதிப் பேர் முகம் சுருங்கிப்போகும். வீட்டில் மாமியார், கணவர், பிள்ளைகள் எல்லாரும் ஏற்கெனவே சொல்லிக் காட்டியிருப்பார்கள். ஆகவே எடையில் தொடங்காதீர்கள். அவருக்கு வலிக்கிற இடத்தில் தொடங்குங்கள்.

“அக்கா, போன தடவை முட்டி வலின்னு சொன்னீங்களே, இப்ப எப்படி இருக்கு?”

“அப்படியேதான் இருக்கு சிஸ்டர். மாடிப்படி ஏற முடியல.”

“எடையும் இடுப்பும் ஒரு தடவை பார்த்துடலாமா? உங்களுக்குச் சரின்னா மட்டும். உள் ரூம்ல வச்சுப் பார்ப்போம்.”

‘வேண்டாம்’ என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த முறை அவரே கேட்பார். வற்புறுத்தி அளந்தால் அடுத்த முறை கதவு திறக்காது.

பாதுகாப்பு: பெண்களுக்கு அறைக்குள், கதவைச் சாத்தி, வேறு யாரும் பார்க்காதபடி அளவெடுங்கள். ஆண்களுக்கு வீட்டார் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்து அளவெடுங்கள். தனியாக இருக்கும் ஆணின் வீட்டுக்குள் தனியாகப் போக வேண்டாம். சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள்.

## படி 2: எடையும் உயரமும்

எடை

1. மெஷினைச் சமதளமான கெட்டித் தரையில் வையுங்கள். பாய், கால்மிதி, விரிப்பு மேல் வைக்காதீர்கள்.
2. திரையில் 0 வரும் வரை பொறுங்கள்.
3. செருப்பு, போன், சாவிக்கொத்து, பர்ஸ் எல்லாவற்றையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.
4. இரண்டு காலிலும் சமமாக ஊன்றி, எதையும் பிடிக்காமல், நேரே பார்த்து நிற்கட்டும்.
5. 100 கிராம் வரை துல்லியமாக எழுதுங்கள். சத்தமாகப் படிக்காதீர்கள். சுவருக்கு அந்தப் பக்கமும் காதுகள் உண்டு.

உயரம்

1. கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். தலையில் பூ, கிளிப் இருந்தால் எடுக்க வேண்டும்.
2. குதிகால், பிட்டம், தோள்பட்டை ஆகியவை சுவரில் படும்படி நிற்க வையுங்கள். பார்வை நேராக இருக்க வேண்டும். மோவாய் தூக்கக் கூடாது.
3. அட்டைப் புத்தகத்தின் ஓர் ஓரம் சுவரை ஒட்டியிருக்க, தலை உச்சியில் அழுத்தி வையுங்கள். புத்தகத்தின் அடிவிளிம்பு சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள்.
4. தரையிலிருந்து குறி வரை அளந்து எழுதுங்கள்.

குறிப்பு 3: ‘என் உயரம் அஞ்சு மூணு’ என்று சொல்வதை நம்பி எழுதாதீர்கள். கணக்கில் உயரத்தால் இரண்டு முறை வகுப்பதால், 3 செ.மீ. தவறினாலே பி.எம்.ஐ.யில் ஒரு புள்ளி மாறிவிடும். பெரியவர்களுக்கு உயரத்தை ஒரு முறை சரியாக அளந்தால் போதும். அட்டையில் குறித்து வைத்தால் அடுத்த முறைகளுக்கும் அதுவே ஆகும்.

## படி 3: இடுப்புச் சுற்றளவு

அதிகம் பிழை நடப்பது இங்கேதான். நம் பெண்கள் இடுப்பு என்று கை வைத்துக் காட்டுவது பாவாடை நாடா இருக்கும் இடத்தை. அதன் மேல் டேப்பைச் சுற்றினால் சேலைக் கொசுவம், நாடாவின் முடிச்சு, அழுந்திய சதை எல்லாம் சேர்ந்து அளவைக் கெடுத்துவிடும்.

1. காரணத்தைச் சொல்லி, நாடாவைத் தளர்த்தி, கொசுவத்தைச் சற்று இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சல்வார், நைட்டி என்றால் மெல்லிய துணி மேலேயே அளக்கலாம்.
2. விலாவின் பக்கவாட்டில் விரலை இறக்கி, கடைசி விலா எலும்பின் அடிப்பகுதியைத் தொட்டறியுங்கள்.
3. அதே பக்கத்தில் இடுப்பெலும்பின் மேல் விளிம்பைத் தொட்டறியுங்கள்.
4. இரண்டுக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். பின்பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள்.
5. கால்களைச் சேர்த்து, கைகளைத் தொங்கவிட்டு, இயல்பாக மூச்சு விடச் சொல்லுங்கள். மூச்சை வெளியே விட்டு முடிக்கும் நேரத்தில் படியுங்கள். வயிற்றை எக்கிப் பிடித்திருந்தால் பேச்சுக் கொடுங்கள், தானாகத் தளரும்.
6. டேப் தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது.
7. இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி தொடங்குங்கள்.

குறிப்பு 4: நூல் சோதனை. டேப் எண்ணைச் சொன்னால் புரியாதவர்களுக்கு இது புரியும். அவருடைய உயரத்துக்கு நூலை அறுத்து, இரண்டாக மடியுங்கள். மடித்த நூலை இடுப்பில் சுற்றச் சொல்லுங்கள். முனைகள் சேரவில்லை என்றால் இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. நூலை அவரிடமே கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த மாதம் இடைவெளி குறைந்திருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்வார்.

## படி 4: கணக்கு

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. கிடைக்கும். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அக்காவுக்கு வயது 42, எடை 64 கிலோ, உயரம் 152 செ.மீ., இடுப்பு 88 செ.மீ. போன் கால்குலேட்டரில் 64 ÷ 1.52 ÷ 1.52 என்று அடித்தால் 27.7. நம் அளவுகோலில் இது உடல் பருமன்.

அவசரத்துக்கு இந்தப் பட்டியலை அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்:

| உயரம் (செ.மீ.) | அதிக எடை தொடங்குவது (கிலோ) | உடல் பருமன் தொடங்குவது (கிலோ) |
|---|---|---|
| 145 | 48.4 | 52.6 |
| 150 | 51.8 | 56.3 |
| 155 | 55.3 | 60.1 |
| 160 | 58.9 | 64.0 |
| 165 | 62.6 | 68.1 |
| 170 | 66.5 | 72.3 |

இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது?

- கர்ப்பிணிகள்: தொடக்க மாதங்களில் பதிவு செய்த எடையை மட்டும் பாருங்கள். இடுப்பு அளவு வேண்டாம்.
- 18 வயதுக்குட்பட்டவர்கள்: வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ற வளர்ச்சி அட்டவணையைப் பயன்படுத்துங்கள்.
- கால் வீக்கம், வயிற்றில் நீர்க்கோர்வை உள்ளவர்கள்: மெஷின் காட்டுவது நீரின் எடையாகவும் இருக்கலாம். மருத்துவரிடம் அனுப்புங்கள்.
- கூன் விழுந்த முதியவர்கள்: உயரம் குறைந்து பி.எம்.ஐ. பொய்யாகக் கூடும்.

## படி 5: கூட வந்திருக்கும் நோய்களைப் பாருங்கள்

எண் கிடைத்தவுடன் அறிவுரைக்குத் தாவாதீர்கள். அந்த எடை உடம்புக்குள் என்ன செய்திருக்கிறது என்பதே முக்கியம்.

ரத்த அழுத்தம். பருத்த கையில் சாதாரணப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும். இல்லாத பிபிக்கு மாத்திரை தொடங்கும் நிலை இப்படித்தான் வருகிறது. மேல்கையின் நடுச் சுற்றளவு 34 செ.மீ.யைத் தாண்டினால் பெரிய பட்டையைக் கட்டுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையை இதய மட்டத்தில் தாங்க வைத்து அளவிடுங்கள். 140/90 அல்லது மேல் என்றால் சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். 180/110-ஐத் தொட்டால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும்.

சர்க்கரை. சாப்பிட்ட நேரம் பாராமல் எடுக்கும் விரல்நுனி ரத்தத்தில் 140-க்கு மேல் இருந்தால் மேல் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நீரிழிவு ஆபத்து மதிப்பெண். சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2005-இல் வெளியிட்ட முறை இது. ரத்தம் தேவையில்லை, டேப்பும் மூன்று கேள்விகளும் போதும்.

1. வயது: 35-க்குக் கீழ் 0, 35–49 என்றால் 20, 50-ம் அதற்கு மேலும் 30.
2. இடுப்பு: பெண்ணுக்கு 80-க்குக் கீழ் 0, 80–89 என்றால் 10, 90-ம் மேலும் 20. ஆணுக்கு 90-க்குக் கீழ் 0, 90–99 என்றால் 10, 100-ம் மேலும் 20.
3. உடலுழைப்பு: கடும் உழைப்பு அல்லது தீவிர உடற்பயிற்சி 0, மிதமானது 10, லேசானது 20, உட்கார்ந்த வேலை மட்டும் என்றால் 30.
4. பெற்றோருக்குச் சர்க்கரை: இல்லை 0, ஒருவருக்கு 10, இருவருக்கும் 20.

60-ம் அதற்கு மேலும் வந்தால் ஆபத்து அதிகம். நம் அக்காவுக்கு வயது 20, இடுப்பு 10, லேசான உழைப்பு 20, அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதால் 10, மொத்தம் 60. இன்றைக்குச் சர்க்கரை அளவு சரியாக இருந்தாலும் அவரை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. எப்போதிலிருந்து எடை கூடியது? பிரசவத்துக்குப் பின்னா, வேலை மாறிய பின்னா, மாத்திரை தொடங்கிய பின்னா?
2. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? வாய்வார்த்தை போதாது, டப்பாவைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.
3. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?
4. குறட்டை உண்டா? தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கென எழுவதுண்டா? இதை வீட்டாரிடம் கேளுங்கள்.
5. எத்தனை மணி நேரம் தூக்கம்? இரவு ஷிஃப்ட் உண்டா?
6. மனம் சோர்ந்திருக்கிறதா? கவலை வந்தால் சாப்பிடத் தோன்றுகிறதா?

## நிறுத்துங்கள், அனுப்புங்கள்

உடனே 108: நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி, வாய் கோணல், நினைவு தடுமாற்றம்.

அந்த வாரமே மருத்துவரிடம்:

- சில வாரங்களில் வேகமாக எடை கூடியிருந்தால், கால் வீங்கியிருந்தால்.
- முகம் உருண்டு, வயிற்றில் செந்நீலக் கோடுகள் தெரிந்தால். மூட்டுவலிக்கென்று பொட்டலம் கட்டித் தரும் பெயரில்லாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும்.
- தைராய்டு, நீர்க்கட்டி அறிகுறிகள் இருந்தால்.
- குறட்டையோடு மூச்சு நிற்பதும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால்.
- பி.எம்.ஐ. 32.5-க்கு மேல் போய், சர்க்கரை அல்லது பிபியும் இருந்தால். அறுவைச் சிகிச்சை வேண்டுமா என்பதை நிபுணர் முடிவு செய்வார்.
- முயற்சி இல்லாமலே எடை குறைந்தால். குண்டாக இருப்பவர் தானாக இளைப்பதும் நோய்க்குறிதான். காசநோய்க்கும் சர்க்கரைக்கும் பரிசோதிக்க வேண்டும்.

கவனம்: சர்க்கரை நோயாளியின் உணவைக் குறைக்கும் முன். இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர் மருந்தை மாற்றாமல் சாப்பாட்டை மட்டும் குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழலாம். முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்து அளவு 70-க்குக் கீழ் இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; 108-ஐ அழையுங்கள்.

எடை குறைக்கும் ஊசி. செமாகுளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் 2025-இல் எடை குறைப்புக்கென இந்தியச் சந்தைக்கு வந்தன. ‘அக்கம்பக்கத்துல போடுறாங்களே, நீங்க போடுவீங்களா சிஸ்டர்?’ என்று கேட்பார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் போடாதீர்கள். போடச் சொல்லவும் கூடாது.

## படி 6: ஒரே ஒரு மாற்றம்

எண்ணெய் குறை, சர்க்கரை விடு, நட, தூங்கு, கவலைப்படாதே என்று ஐந்தையும் ஒரே மூச்சில் சொன்னால், நீங்கள் தெருமுனை திரும்பும் முன் ஐந்தும் மறந்துபோகும். ஒன்றை மட்டும் எடுங்கள். எதை எடுப்பது என்பதை அவரே சொல்லட்டும்.

எண்ணெய்க் கணக்கு. “என்ன சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் “ரெண்டு இட்லி சிஸ்டர்” என்றுதான் பதில் வரும். “மாசம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குறீங்க?” என்று கேளுங்கள். ரேஷன் பாமாயிலையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது நல்ல அளவு. நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். 5 லிட்டர் ஆகிறது என்றால் கூடுதல் 3 லிட்டர், அதாவது தலைக்கு நாளொன்றுக்கு 25 மில்லி. அதில் மட்டும் 200 கலோரிக்கு மேல் இருக்கிறது. யாரையும் குறை சொல்லாமல், வீட்டையே சேர்த்து மாற்றும் வழி இது. முதல் மாதம் ஒரு லிட்டர் குறைக்கச் சொன்னால் போதும்.

டீக் கணக்கு. டம்ளருக்கு 2 தேக்கரண்டி சர்க்கரை என்றால் சுமார் 10 கிராம், 40 கலோரி. நாளைக்கு 4 டம்ளர் என்றால் 160. அரை அரைத் தேக்கரண்டியாக வாரந்தோறும் குறைத்தால் நாக்கும் பழகிவிடும்.

தட்டுக் கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாள் உணவில் பாதி காயும் பழமுமாக இருக்கச் சொல்கிறது. நம் வீட்டில் இதற்கு ஒரே வழி, பரிமாறும் வரிசையை மாற்றுவது. முதலில் பொரியல், கூட்டு, கீரையால் தட்டில் பாதியை நிரப்பட்டும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன். கடைசிக் கால் பங்குக்குச் சோறு.

நடை. வாரத்துக்கு 150 நிமிடம் முதல் இலக்கு. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் போய் நடக்கச் சொல்லாதீர்கள். லாரியும் தூசியும் மெட்ரோ தூண்களுக்கு இடையே நெருக்கும் வாகனங்களும் எடையைவிட ஆபத்து. உள்தெரு, அடுக்குமாடி வளாகம், மொட்டை மாடி என்று இடம் பாருங்கள். 10 நிமிடமாக மூன்று தடவை நடந்தாலும் கணக்கு ஒன்றுதான். சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. முட்டி வலி அதிகமென்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியில் தொடங்கலாம்.

“நாள் முழுக்க வீட்டு வேலைதான் செய்யறேன், இதுக்கு மேல எங்க நடக்கறது?” என்பார் அக்கா. மறுத்துப் பேசாதீர்கள், அவர் சொல்வது உண்மை. “ஆமாங்க்கா. வேலைல உடம்பு அலுக்குது, ஆனா மூச்சு வாங்கற மாதிரி தொடர்ந்து பத்து நிமிஷம் கிடைக்கல. பிள்ளைய டியூஷன்ல விட்டுட்டு வரப்ப வேகமா நடந்து பாருங்க” என்று அவருடைய நாளுக்குள்ளேயே இடம் தேடுங்கள்.

இலக்கைச் சொல்லும் முறை. ‘இன்னும் 11 கிலோ குறையணும்’ என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 64 கிலோவில் 5 சதவீதம் 3.2 கிலோ. “ஆறு மாசத்துல மூணு கிலோ குறைஞ்சா போதும்க்கா. ஒரு கிலோ குறைஞ்சாலே ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல நாலு கிலோ பாரம் குறையும்.” படி ஏற முடியாதவருக்கு இந்தக் கணக்கு புரியும். வாரம் அரைக் கிலோவுக்கு மேல் வேகமாகக் குறைக்க வேண்டாம்.

## வீடுகளில் கேட்பவை, நீங்கள் சொல்ல வேண்டியவை

- “சோத்தை விட்டுட்டு சப்பாத்தி சாப்பிடுறேன்.” அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு எல்லாவற்றிலும் 100 கிராமுக்குக் கலோரி கிட்டத்தட்ட ஒன்றுதான். எண்ணெய் தடவிய நாலு சப்பாத்தி, அளவான சோற்றைவிடக் கூடுதலே.
- “கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு சொல்வாங்களே?” வடைக்குப் பதிலாகக் கொள்ளுச் சுண்டல் என்றால் நல்லது. வடையோடு கொள்ளு ரசமும் என்றால் வடைதான் ஜெயிக்கும்.
- “காலைல வெந்நீர்ல தேன்.” தேனும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு இதைத் தடுத்துவிடுங்கள்.
- “பவுடர் குடிக்கிறேன், பத்து நாள்ல பலன்னு சொன்னாங்க.” டப்பாவைப் பாருங்கள். உட்பொருள் பட்டியல் இல்லை என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு, படபடப்பு இருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் அனுப்புங்கள்.
- “ஒரு வேளை சாப்பிடாம விட்டுடறேன்.” மாத்திரை சாப்பிடுபவருக்கு ஆபத்து. மற்றவர்களும் விட்ட வேளைக்குச் சேர்த்து இரவில் சாப்பிடுகிறார்களா என்று கேளுங்கள்.

## படி 7: திரும்பப் போங்கள்

1. 2-ஆம் வாரம்: போனில் ஒரு நிமிடம். எடையைக் கேட்காதீர்கள். ஒப்புக்கொண்ட மாற்றம் நடக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.
2. 1-ஆம் மாதம்: அதே மெஷினில், முடிந்தால் அதே நேரத்தில் எடை. ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்குவது இயல்பு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.
3. 3-ஆம் மாதம்: எடை, இடுப்பு, பிபி. முதல் மாற்றம் பழகியிருந்தால் இரண்டாவதைச் சேருங்கள்.
4. 6-ஆம் மாதம்: 5 சதவீதத்தைத் தொட்டிருந்தால் பாராட்டி, அதைக் காப்பதையே அடுத்த இலக்காக வையுங்கள். தொடவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். ‘இவங்க முயற்சி பண்ணல’ என்று அட்டையில் எழுதாதீர்கள்.

எடை குறையாமல் இடுப்பு 2 செ.மீ. குறைந்திருந்தால் அதுவும் வெற்றிதான். டேப்பைக் காட்டிச் சொல்லுங்கள்.

## அடிக்கடி நடக்கும் ஏழு தவறுகள்

1. பார்த்த மாத்திரத்தில் ‘இவர் சரியான எடை’ என்று அளக்காமல் விடுவது. ஒல்லியான கை கால், முன்தள்ளிய வயிறு. இந்த உடம்பைத்தான் டேப் பிடிக்கும், கண் பிடிக்காது.
2. பாவாடை நாடா மேல் இடுப்பை அளப்பது.
3. பழைய 25, 30 அட்டவணையை வைத்து ‘பரவாயில்லை’ என்று சொல்வது.
4. பருத்த கைக்குச் சிறிய பிபி பட்டை கட்டுவது.
5. மருமகளின் எடையை மாமியார் முன்னால் சொல்வது.
6. மருந்து டப்பாவைப் பார்க்காமல் உணவு ஆலோசனை சொல்வது.
7. அளந்துவிட்டுத் திரும்பிப் போகாமல் விடுவது.

தமிழில் ‘அளந்து பேசு’ என்றால் அளவோடு பேசு என்று பொருள். ‘அளக்கிறான்’ என்றால் வாய்க்கு வந்ததைப் பேசுகிறான் என்று பொருள். செவிலியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை அவர் கையில் இருக்கும் டேப் சொல்லிவிடும். நாளைக் காலை களத்துக்குக் கிளம்பும் முன், உங்கள் இடுப்பை நீங்களே ஒரு முறை அளந்து பாருங்கள். அடுத்தவர் வீட்டில் அந்த டேப்பை எப்படி நீட்ட வேண்டும் என்பது அப்போது புரியும்.